தளபதியை முக்காதே

அன்புள்ள நண்பா,

நலம்தானே? இங்கே எல்லாரும் சௌகரியம். ரொம்ப நாளாக எழுதவில்லை, அதற்கான திட்டை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள். இப்போது அவசரம். வாத்தியார் போன் செய்தார். நீ பெயின்ட் தீட்டிய குதிரைப்படைத் தளபதி பொம்மைக்குப் பளபளப்பை அடக்குகிற மேட் வார்னிஷ் அடித்தாயாம், காய்ந்ததும் பார்த்தால் அந்தக் கருநீலக் கோட்டு முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்ததாம். மனசு விட்டுப்போய், அவனோடு சேர்த்து மொத்தப் படையையும் பெயின்ட் உரிக்கிற திரவத்தில் முக்கப் போகிறாயாம்.

முக்காதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அந்த டப்பாவின் மூடியைத் திறக்காதே.

நீ பார்க்கிற வெள்ளை உன் பெயின்ட்டில் இல்லை. வார்னிஷில்தான் இருக்கிறது. மேட் வார்னிஷ் என்று தனியாக ஒரு வஸ்து கிடையாது. காய்ந்தால் பளபளக்கிற பிசின்தான், அதில் பெரும்பாலும் மிக நுண்ணிய சிலிக்கா தூளைக் கலந்து வைத்திருப்பார்கள். காயும்போது அந்தத் தூள் மேற்பரப்பைக் கரடுமுரடாக்குகிறது, படுகிற ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது, பளபளப்பு போய்விடுகிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்கிற ஒளிவிலகல் எண் சிலிக்காவுக்குச் சுமார் 1.46, அக்ரிலிக் பிசினுக்குச் சுமார் 1.49. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் பிசினுக்குள் நன்றாக முங்கிய துகள் கண்ணுக்கே தெரியாது. ஆனால் காற்றுக்கு அந்த எண் 1. துகள்களுக்கு நடுவே காற்று சிக்கிக்கொண்டால் ஒளி கண்டபடி சிதறி வெள்ளையாகத் தெரியும். தேய்த்த கண்ணாடியில் தண்ணீர் பட்டதும் அந்த இடம் மட்டும் தெளிந்துவிடுமே, அதே கதைதான். அந்தக் காற்று இருக்கிற இடத்தைப் பிசினால் நிரப்பிவிட்டால் கோட்டின் நீலம் திரும்பி வரும். கீழே நீ தீட்டிய மடிப்பும் நிழலும் அப்படியே இருக்கின்றன.

எனக்கு இந்த விஷயத்தில் எப்போதுமே ஒரு வியப்பு உண்டு. கெட்டுப்போனது போலத் தெரிவதில் பாதிக்கு மேல் வெறும் காற்று!

சரி, முதலில் அவனை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார். வெள்ளை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விரலால் தொட்டால் நறநறவென்று மாவு ஒட்டியது போல இருந்தால், நீ ஸ்ப்ரே கேனை ரொம்பத் தூரத்தில் பிடித்து அடித்திருக்கிறாய். துளிகள் பொம்மையைச் சேர்வதற்குள் காற்றிலேயே காய்ந்து தூளாக உட்கார்ந்துவிட்டன. வழவழப்பாக, ஆனால் பால் தெளித்தது போல மங்கலாக இருந்தால் அது ஈரப்பதத்தின் வேலை. ஸ்ப்ரேயில் இருக்கிற கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும், காற்றில் இருக்கிற ஈரம் அதன்மேல் படிந்து வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்ளும். மழை நாளில் ஸ்ப்ரே கேனைத் தொடக்கூடாது என்று நம் கூட்டத்துப் பொடியன் கத்திக்கொண்டே இருப்பானே, இதற்காகத்தான். கோட்டின் மடிப்பிலும் குதிரையின் பிடரியிலும் மட்டும் வெள்ளை தேங்கியிருந்தால், வார்னிஷ் கனமாக விழுந்து பள்ளங்களில் குளம் கட்டியிருக்கிறது.

வாத்தியார் சொன்னதை வைத்துப் பார்த்தால் உன்னுடையது இரண்டாவது ரகம். அன்றைக்கு உங்கள் பக்கம் நல்ல மழையாமே.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு முழு நாள் அவனைத் தொடாமல் காய விடு. அப்புறம் காற்று வறண்டிருக்கிற ஒரு நாளாகப் பார்த்து, முன்பு அடித்த அதே வகையில் க்ளாஸி வார்னிஷை ஸ்ப்ரே செய். அதில் இருக்கிற கரைப்பான் கீழே இருக்கிற படலத்தைக் கொஞ்சம் இளக்கும், மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேறும், படலம் மறுபடி சமமாகப் படியும். மெல்லியதாக அடி, ஆனால் மேற்பரப்பு ஒரு கணமாவது நனைந்து மின்ன வேண்டும். தளபதி மிட்டாய் போலப் பளபளப்பான். பயந்துவிடாதே, பளபளப்பைக் கொல்வது சுலபம். அது நன்றாகக் காய்ந்த பிறகு மேட்டை மெல்லிய பூச்சாக அடித்துக்கொள். பள்ளங்களில் தூள் கட்டியாகச் சேர்ந்திருந்தால் அங்கே மட்டும் வெள்ளை முழுசாகப் போகாமல் இருக்கலாம். அந்த இடத்துக்கு அடர்நிழல் நிறத்தை நீர்க்கக் கலந்து தொட்டுவிட்டால் போதும். அதற்காக ஒரு படையையே உரிப்பதா!

மேட் அடிப்பதற்கு முன் கேனை இரண்டு நிமிடமாவது குலுக்கு. உள்ளே இருக்கிற குண்டு சத்தம் போட ஆரம்பித்த பிறகும் குலுக்கு. தூள் அடியில் தங்குகிற ஜாதி. சரியாகக் குலுக்காவிட்டால் ஒரு சமயம் பளபளக்கும், இன்னொரு சமயம் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். பாட்டிலில் வாங்கி பிரஷ்ஷால் பூசினாலும் இதே கதிதான். தூரம் 20 முதல் 30 செ.மீ. வரை போதும். உன் கேனில் வேறு மாதிரி போட்டிருந்தால் அதைக் கேள். முதலில் ஒரு உதவாத பொம்மைக்குக் கறுப்பு அடித்து அதன்மேல் சோதித்துப் பார். வெள்ளை பூத்தால் கறுப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. நீ ஒரு மேட் பைத்தியம், அது எனக்குத் தெரியும். ஆனால் வாளுக்கும் மார்க்கவசத்துக்கும் ஏன் மேட்? உலோகப் பெயின்ட்டின் உயிரே அதில் இருக்கிற மினுமினுக்கும் செதில்கள்தான். அவற்றின் மேல் சிலிக்கா தூள் உட்கார்ந்தால் வெள்ளி போய் சாம்பல்தான் மிஞ்சும். எல்லாம் முடிந்த பிறகு வாள், கவசம், கண் இரண்டு, குதிரையின் மூக்கு நுனி, இவற்றுக்கு மட்டும் சிறிய பிரஷ்ஷால் க்ளாஸி வார்னிஷ் தொட்டு வை. மந்தமான துணிக்குப் பக்கத்தில் பளிச்சென்று வாள் இருந்தால்தான் துணி துணியாகத் தெரியும். நாம் இதைப் பற்றிச் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? நான் சொன்னதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம். வாத்தியார் கடைசியில் இன்னொன்றும் சொன்னார். கண் முன்பு போல இல்லை, கை நடுங்குகிறது, இதோடு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுகிறேன் என்றாயாம். டேய், அந்தத் தளபதியின் முகத்தை நான் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது புருவத்துக்குக் கீழே நீ போட்டிருக்கிற அந்த ஒற்றைக் கோட்டை நம் கூட்டத்தில் வேறு யாரும் போட முடியாது. கண்ணுக்குக் கஷ்டமாக இருந்தால் தலையில் மாட்டுகிற லென்ஸ் வாங்கு, நல்ல விளக்கு வை, மணிக்கட்டை மேசைமேல் ஊன்றிக்கொள். பெரிய அளவு உருவங்களுக்கு மாறு. நிறுத்துவதென்று நீயாக முடிவு செய்தால் நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மழை நாளும் ஒரு வார்னிஷ் கேனும் சேர்ந்து உனக்காக அதை முடிவு செய்யக் கூடாது.

இதையெல்லாம் என்னிடம் சொல்லாமல் வாத்தியாரிடம் சொன்னதில் எனக்கு வருத்தம்தான். அதை நேரில் பேசிக்கொள்வோம்.

க்ளாஸி அடிப்பதற்கு முன் ஒரு படம், அடித்த பின் ஒரு படம், ஒரே வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. படலம் தெளியவில்லை என்றால் மேட் அடிக்காமல் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி