டிசம்பர்ல ஏதுடா குட்டி?

டேய் முரளி,

பதில் போடலன்னு திட்டணும்னா திட்டி முடிச்சிடு. வீட்ல எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டி வலிதான் அப்படியே இருக்கு. வரதன் இன்னும் பணம் தரல, தரமாட்டான், நமக்குத் தெரியாதா.

விஷயத்துக்கு வர்றேன். லண்டன் கிளையண்ட் ஒருத்தருக்கு கிறிஸ்துமஸ் ஆட் அனிமேஷன் எங்ககிட்ட வந்திருக்கு. ஸ்டோரிபோர்ட்ல அப்பா பனிக்கரடி, அம்மா, ரெண்டு குட்டி, பக்கத்துல பெங்குவின் கும்பல், எல்லாரும் சேர்ந்து கேக் வெட்டுறாங்க. கரடி வடக்க, பெங்குவின் தெக்க, ஜென்மத்துல சந்திக்காதுங்கன்னேன். கோகோ கோலாவே காட்டலையாங்குறாங்க. காட்டினாங்கதான், 2005-ல, கரடிங்க பெங்குவின் பார்ட்டிய எட்டிப் பாக்குற மாதிரி. 1936-ல நார்வேல நெஜமாவே கிங் பெங்குவின கொண்டாந்து விட்டுப் பாத்தாங்க, நிலைக்கல.

அதக்கூட விட்டுடலாம்டா, எல்லாருக்கும் தெரிஞ்ச பொய். எனக்கு உறுத்துறது அந்தக் குடும்பம். சினைக் கரடி அக்டோபர் நவம்பர்ல பனியத் தோண்டி உள்ள போயிடும், டிசம்பர் வாக்குல அங்கயே குட்டி போடும், அரைக் கிலோ சொச்சம்தான் இருக்கும், கண்ணுகூட திறந்திருக்காது, மார்ச் ஏப்ரல்லதான் வெளிய தலை காட்டும், அதுவரைக்கும் தாய் ஒண்ணும் சாப்பிடாம உடம்புக் கொழுப்பக் கரைச்சே பால் குடுக்கும். போன வருஷக் குட்டியா இருக்கலாமேன்னு ஒருத்தன் கேட்டான், அது இந்நேரம் உன் எடைக்கு வந்திருக்கும்டா! அப்பனா? வசந்தத்துல சேர்ந்ததோட சரி, அப்புறம் யாரோ எவரோ. எதிர்ல மாட்டினா குட்டிய அடிச்சுத் தின்னாலும் தின்னுடுவான். அவன் கைலதான் கேக் கத்தி.

கலைமானுக்கும் இதே கதிதான், வளந்த ஆணுக்கு கிறிஸ்துமஸுக்குள்ள கொம்பு உதிர்ந்துடும், அப்ப கொம்போட சாண்டா வண்டி இழுக்குறது பெரும்பாலும் பொண்ணுங்கன்னு சொன்னதும் பிரியா கை தட்டிட்டா.

சிரிப்பு இருக்கட்டும். கனடாவுல ஹட்சன் விரிகுடா மேற்குப் பக்கம் 2016 கணக்குல 842 கரடி, 2021-ல 618. சீல் புடிக்க கடல் மேல பனி வேணும், அது வருஷத்துல உறைஞ்சிருக்குற நாளே குறையுது. அதப் படிச்சிட்டு வந்து அப்பா கரடிக்கு சிரிப்பு வரைய கை ஓடல.

கடைசில பெங்குவின தூக்கிட்டாங்க, அப்பன் இருக்கான். அவன் இல்லாம ஃபேமிலி ஃபீல் வராதாம். பின்னாடி வானம் வேற பளிச்னு நீலம், பனிக்கரடி இருக்குற நார்வே வடக்குத் தீவு ஸ்வால்பார்ட்ல அக்டோபர் கடைசில போற சூரியன் பிப்ரவரிலதான் திரும்புது. வெள்ளிக்கிழமை மறுபடியும் கிளையண்டோட கால் இருக்கு. உன் மச்சான் வடக்கு நார்வேல ட்ரோம்சோலதான இருக்கான், போன டிசம்பர்ல மத்தியானம் எடுத்த வீடியோ ஏதாவது இருந்தா அதுக்குள்ள அனுப்பச் சொல்லு.

குமார்