வெளிநாடுகளில் பிறந்த இலங்கை வம்சாவளி உதைபந்தாட்ட வீரர்களின் பிரஜாவுரிமை தொடர்பான கோரிக்கை மனு

குருநகர்,
யாழ்ப்பாணம்.
15.12.2025

கௌரவ அமைச்சர் அவர்கள்,
பொதுமக்கள் பாதுகாப்பு மற்றும் பாராளுமன்ற அலுவல்கள் அமைச்சு,
பத்தரமுல்லை.

ஊடாக: குடிவரவு, குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம்

கௌரவ அமைச்சர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் கரையோரத்தில் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் நீண்டகாலமாக உதைபந்தாட்டம் பயிற்றுவித்து வருபவன் நான். இலங்கைத் தேசிய அணிக்கு ஆட விரும்பும், வெளிநாட்டில் பிறந்த நம் வம்சாவளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர், பிறப்பு ஒரு வருடத்துக்குள் பதிவாகியிருக்க வேண்டும் என்ற பிரஜாவுரிமைச் சட்டத்தின் நிபந்தனையில் சிக்கி வெளியில் நிற்கிறார்கள். அந்த நிபந்தனையின் இறுக்கத்தைக் குறைக்கும் அதிகாரத்தை அதே சட்டம் அமைச்சரிடம் தந்திருக்கிறது. அதைத் தாங்கள் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டே இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

நமது தேசிய அணியின் நிலையைத் தாங்கள் அறிவீர்கள். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவை 1-0 என வென்றோம். 2006இல் ஆசிய சவால் கிண்ணத்தின் இறுதிவரை போனோம். அதன்பின் நீண்ட இறக்கம். உலகத் தரவரிசையில் 200 தாண்டிய இடங்களில் கிடந்தோம். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் பீபா நமது உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அந்தத் தடை நீங்க ஓகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட அணி 2024 செப்டெம்பரில் கம்போடியாவுடன் இரு ஆட்டங்களிலும் சமநிலை கண்டு, பெனால்டியில் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் அடுத்த சுற்றுக்குப் போனது. 2025 ஜூனில் சீன தாய்ப்பே அணியை 3-1 என வென்றது. அன்று எங்கள் ஊர்ப் பொடியன்கள் தேசிய அணியின் ஆட்டத்தைப் பற்றி இரவிரவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பயிற்றுவிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து நான் காணாத காட்சி அது.

இந்த மாற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பெரியது, வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் அணிக்குள் வந்தது. ஜேர்மனியின் டைனமோ டிரெஸ்டன் கழகத்துக்கு ஆடிய குளோடியோ கம்மர்க்னெக்ட், இங்கிலாந்தில் வளர்ந்த டிலன் டி சில்வா, மார்வின் ஹமில்டன், அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ரோர் கழகத்தில் நெடுங்காலம் ஆடிய ஜேக் ஹிங்கெர்ட், சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் ஆகியோர் நமது சீருடையை அணிந்திருக்கிறார்கள். சிங்களவர், தமிழர், பறங்கியர் என்று பிரித்துப் பார்க்க முடியாத ஓர் அணி அது. இந்த நாட்டில் அப்படிச் சொல்லக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உலகம் முழுவதும் இதே பாதையில்தான் சிறிய நாடுகள் மேலே வருகின்றன. ஒன்றரை லட்சம் மக்கள் அளவே வாழும் குராசோ தீவு 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றிருக்கிறது. அதன் வீரர்களில் பெரும்பாலானோர் நெதர்லாந்தில் பிறந்தவர்கள். கேப் வேர்டேயும் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளை ஒன்று சேர்த்தே அங்கு போகிறது. 2022இல் அரையிறுதி கண்ட மொரோக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள். பக்கத்திலேயே பாருங்கள்: இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடிய ஹம்ஸா சௌத்ரிக்குப் பங்களாதேஷ் கடவுச்சீட்டு வழங்கியது. 2025 மார்ச்சில் ஷில்லொங்கில் இந்தியாவுக்கு எதிராக அவர் முதன்முதல் ஆடினார். நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷ் இந்தியாவை 1-0 என வென்றது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வெற்றி அது. இந்தியாவிலோ இரட்டைப் பிரஜாவுரிமை இல்லை. ரயன் வில்லியம்ஸ் அந்நாட்டுக்கு ஆடுவதற்காக அவுஸ்திரேலியக் குடியுரிமையைத் துறக்க வேண்டியிருந்தது. நமது சட்டம் 1987 முதலே இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இடமளித்திருக்கிறது. அந்த வகையில் இந்தியாவை விட நாம் முன்னேதான் நிற்கிறோம்.

ஆனால் வழியில் ஒரு தடங்கல் இருக்கிறது. ஒரு வீரர் தான் ஆடும் நாட்டின் பிரஜையாக இருக்க வேண்டும் என்கிறது பீபா. புதிதாகப் பிரஜாவுரிமை பெறுபவராயின், அவரோ, பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ அந்நாட்டில் பிறந்திருந்தால் போதும். இல்லாவிட்டால் குறிப்பிட்ட காலம் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும்; 18 வயதுக்குப் பின் குடியேறியவராயின் அது ஐந்து வருடம். அதாவது அம்மம்மா வல்வெட்டித்துறையிலோ மாத்தறையிலோ பிறந்திருந்தால் அந்த உறவைப் பீபா ஏற்கிறது. நமது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) ஆம் பிரிவோ, பிள்ளை பிறந்த நாளன்று பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்தாரா என்று கேட்கிறது. அதோடு அந்தப் பிறப்பு ஒரு வருடத்துக்குள், அல்லது நியாயமான காரணத்துக்காக அமைச்சர் அனுமதிக்கும் மேலதிக காலத்துக்குள், பதிவாகியிருக்க வேண்டும்.

சாதாரண காலத்தில் புறப்பட்டுப் போன குடும்பத்துக்கு இது பெரிய சுமை இல்லை. 1983க்குப் பின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய குடும்பங்களின் கதை வேறு. அடைக்கலம் கேட்டு நிற்கும் ஒருவர் தான் விட்டு ஓடி வந்த அரசின் தூதரகத்துக்குப் போய்ப் பிள்ளையின் பிறப்பைப் பதியத் துணிவாரா? போனால் அடைக்கல விண்ணப்பமே பாதிக்கப்படும் என்ற பயம் இருந்தது. போக நினைத்தவர்களிடமும் பத்திரங்கள் இல்லை. முகவர்கள் மூலம் போனவர்களின் கடவுச்சீட்டுகள் வழியிலேயே பறிபோயின. பிறப்புப் பத்திரங்கள் இடம்பெயர்வில் தொலைந்தன. தெற்கில் 1987 முதல் 1989 வரையான ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் உயிர் தப்பி வெளியேறிய சிங்கள இளைஞர்களும் இதே நிலையில்தான் இருந்தார்கள் என்பதைத் தங்கள் அரசாங்கத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குடியேறிய நாடுகளின் சட்டமும் இவர்களை நெருக்கியது. டென்மார்க் 2015 வரையும், நோர்வே 2020 வரையும், ஜேர்மனி 2024 ஜூன் வரையும், தம் குடியுரிமை வேண்டுவோர் பழைய குடியுரிமையைக் கைவிட வேண்டும் என்று பொதுவாகக் கேட்டன. அந்த நாடுகளில் வேர்விட்ட நம்மவர்கள் இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தது நாட்டை வெறுத்ததால் அல்ல. பிள்ளைகளுக்கு நிலையான ஒரு வாழ்வு வேண்டியிருந்தது. பெற்றோர் பின்னாளில் இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றாலும், இடைப்பட்ட காலத்தில் பிறந்த பிள்ளை பிறந்த நாளில் பிரஜையின் பிள்ளை இல்லை என்ற நிலை மாறாது.

என்னிடம் பயின்ற ஒருவர் தொண்ணூறுகளில் நோர்வேக்குப் போனார். அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் தகப்பன் இலங்கைப் பிரஜையாக இருந்தபோது பிறந்தான்; இளையவன் தகப்பன் நோர்வேக் குடியுரிமை எடுத்த பின் பிறந்தான். மூத்தவனுக்குப் பிந்திய பதிவு என்ற வழியாவது உண்டு. இளையவனுக்கு அதுவும் இல்லை. பந்து ஆடுபவன் இளையவன். இடது காலால் ஆடும் நல்ல பின்கள வீரன் அவன். விடுமுறைக்கு வந்தபோது எங்கள் மைதானத்தில் அவன் ஆடியதை நானே நின்று பார்த்தேன். ஒரே தாய் தகப்பன், ஒரே அப்பப்பா, ஒரே குருநகர். பீபாவின் விதிப்படி இரண்டு பேரும் சமம். நமது சட்டத்தின்படி ஒருவன் உள்ளே வரலாம், மற்றவன் வர முடியாது. நோர்வேயிலும் ஜேர்மனியிலும் டென்மார்க்கிலும் இப்படி அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமுமாக நிற்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

மலையகத்தின் பிள்ளைகளையும் இங்கே மறக்க முடியாது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் நுவரெலியாவிலும் பதுளையிலும் பிறந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டிலும் வேறு நாடுகளிலும் இருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இரட்டைப் பிரஜாவுரிமை சாத்தியமில்லை என்பது தெரியும். ஆனால் இரட்டைக் குடியுரிமையை ஏற்கும் நாடுகளில் வாழும் மலையக வம்சாவளிப் பிள்ளை ஒருவர் வந்து கேட்டால், அவருடைய பாட்டி இலங்கைப் பிரஜையாகவே இருக்கவில்லை என்று கூறித் திருப்பி அனுப்புவது பழைய அநியாயத்தை மூன்றாம் தலைமுறைக்கும் நீட்டுவதாகும்.

நான் கேட்பது குறுக்கு வழி அல்ல. குறுக்கு வழியில் போனால் என்னவாகும் என்பதற்கு மலேசியா கண்முன்னே நிற்கிறது. அந்நாட்டு அணிக்கு ஆடிய ஏழு வெளிநாட்டு வீரர்களின் பாட்டன் பாட்டியர் மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய பத்திரங்கள் போலியானவை என்று கண்டு, 2025 செப்டெம்பரில் பீபா அந்தச் சம்மேளனத்துக்கு 350,000 சுவிஸ் பிராங் தண்டம் விதித்தது. வீரர்கள் ஒவ்வொருவரையும் 12 மாதம் தடை செய்தது. நமக்கு அந்த அவமானம் வரக்கூடாது. ஆகவே பத்திரங்களை நமது அரசே தேடி எடுத்து உறுதிப்படுத்தித் தருவது அவசியம். வடக்கிலும் கிழக்கிலும் பல பிறப்புப் பதிவேடுகள் போரில் அழிந்தோ சேதமுற்றோ போய்விட்டன. உண்மையாகவே இங்கு பிறந்த பாட்டிக்குப் பிறப்புப் பத்திரம் கிடைக்காமல் போகும்போதுதான் தரகர்களின் போலிப் பத்திரத்துக்கு வழி திறக்கிறது. தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, பாடசாலை அனுமதிப் பதிவேடு, காணி உறுதி, பழைய வாக்காளர் இடாப்பு ஆகியவற்றில் அந்தப் பாட்டியின் பெயர் இன்னும் இருக்கிறது. மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் பிரதேச செயலகங்களிலும் பொறுப்பான அலுவலர்கள் தேடினால் கிடைக்கும்.

உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம் பறிபோகும் என்ற கவலை எனக்கும் இருக்கிறது. மன்னாரிலும் இளவாலையிலும் குருநகரிலும் வெறுங்காலோடு பந்தைத் துரத்தும் பிள்ளைகளோடுதான் என் நாள் கழிகிறது. அவர்களுக்கு எதிராக நான் ஒரு மனு எழுதுவேனா? ஆனால் உயர்ந்த தரத்தில் ஆடி வந்த ஒருவரோடு ஒரே பயிற்சி முகாமில் நிற்கும்போது எங்கள் பிள்ளை கற்றுக்கொள்வதை நான் மைதானத்தில் நின்று கற்றுக் கொடுக்க முடியாது. வென்று வரும் அணிக்குத்தான் அனுசரணையாளரும் நட்புறவு ஆட்டங்களும் வந்து சேரும். அதோடு, உள்ளூர்ச் சுற்றுப்போட்டிகளுக்கும் மைதானங்களுக்கும் செலவிட வேண்டிய பணத்தை வெளிநாட்டு வீரர்களைத் தேடுவதற்குத் திருப்பக்கூடாது. இதை விளையாட்டுத்துறை அமைச்சுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

எனவே, கௌரவ அமைச்சர் அவர்களே, முதலில் 5(2) ஆம் பிரிவில் உள்ள "நியாயமான காரணம்" என்பதற்குப் போர், இடம்பெயர்வு, அடைக்கலக் கோரிக்கை ஆகியவை உட்படும் என்று தூதரகங்களுக்கும் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவுறுத்தல் வழங்குமாறு வேண்டுகிறேன். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. அதிகாரம் தங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. இது விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்படாமல், பிறக்கும்போது பெற்றோரில் ஒருவர் பிரஜையாக இருந்த எல்லோருக்கும் பொருந்த வேண்டும்.

பெற்றோர் பிரஜாவுரிமை இழந்த பின் பிறந்த பிள்ளைகளின் விடயம் கடினமானது என்பதை அறிவேன். பொதுச் சேவையிலும் தொழில்துறைகளிலும் சிறந்து விளங்குவோரை ஆண்டுதோறும் வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில் பிரஜைகளாகப் பதியும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. சட்டமா அதிபரின் ஆலோசனையுடன், தொழில்முறை உதைபந்தாட்ட வீரர்களை அந்த வகைக்குள் கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாதென்றால், பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ இலங்கையில் பிறந்திருந்து, தேசிய அணிக்குத் தெரிவாகும் ஆண் பெண் இருபாலாருக்கும் பொருந்தும் ஒரு சிறு திருத்தத்தைப் பாராளுமன்றத்தில் முன்வைக்க வேண்டும். இரட்டைப் பிரஜாவுரிமை வழங்குவது இலங்கைக்கு நன்மை பயக்குமா என்று பார்க்கும்படி 19(2) ஆம் பிரிவு ஏற்கனவே அமைச்சரைக் கேட்கிறது. அதே அளவுகோல் இங்கும் போதும்.

பத்திரங்களைத் தேடித் தருவதற்குப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்க ஆவன செய்யுமாறும், முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவை எழுத்தில் அறிவிக்கும் ஏற்பாடு வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மறுக்கப்பட்டால் காரணமும் தரப்பட வேண்டும். உதைபந்தாட்ட வீரர் ஒருவரின் காலம் குறுகியது. 19 வயதில் விண்ணப்பித்தவருக்கு 24இல் பதில் வந்தால் நாடு அவரை இழந்ததாகவே அர்த்தம். வேல்ஸில் பிறந்து பார்ன்ஸ்லி கழகத்துக்கு ஆடும் விமல் யோகநாதனைப் போலப் பிறந்த நாட்டின் இளையோர் அணிகளுக்கு ஆடுவதை விரும்பித் தேர்ந்தெடுப்பவர்களை நாம் வாழ்த்த வேண்டும். இலங்கைக்கு ஆட விரும்பி வருபவர் பத்திரத்துக்காக அலைந்து திரும்பிப் போகும் நிலைதான் இருக்கக்கூடாது.

மேலே நான் குறிப்பிட்ட குடும்பத்தினர் தம் விபரங்களைத் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் தரச் சம்மதித்திருக்கிறார்கள். அழைத்தால் நானும் பத்தரமுல்லைக்கு வந்து விளக்கமளிக்கத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,

(ஒப்பம்)
உதைபந்தாட்டப் பயிற்றுநர்,
குருநகர், யாழ்ப்பாணம்.

பிரதிகள்:
கௌரவ இளைஞர் அலுவல்கள் மற்றும் விளையாட்டுத்துறை அமைச்சர்
பதிவாளர் நாயகம்
தலைவர், இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம்
மாவட்டச் செயலாளர், யாழ்ப்பாணம்