செமினோல் மக்கள் போய்விடவில்லை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த புளோரிடா பயணக் கட்டுரை, அமெரிக்கப் பூர்வகுடிகளான செமினோல் மக்களை 'ஒக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டவர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அது பாதிக்கதை. 1858-இல் அமெரிக்கப் படையுடனான மூன்றாவது செமினோல் போர் ஓய்ந்தபோதும் சில நூறு பேர் பணியாமல் எவர்கிளேட்ஸ் சதுப்புக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் 1997-இல் பிக் சைப்ரஸ் என்ற தங்கள் ஒதுக்கீட்டு நிலத்தில் ஆ-தா-தி-கி அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். இன்றும் அவர்களே நடத்துகிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் டிஸ்னியில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு இங்கே போகலாம்.

ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து ஐ-75 சாலையில் மேற்கே வந்து, 49-ஆம் எண் வெளிவழியில் இறங்கி வடக்கே 17 மைல். வடக்கே திரும்புவதற்கு முன்பே பெட்ரோல் நிரப்பிக்கொள்வது நல்லது.

காலையிலேயே போய்விட்டால் முதலில் வெளியே நடந்துவிடுங்கள். வெயில் ஏறியபின் கண்காட்சிக்கூடம். சதுப்பில் வளரும் சைப்ரஸ் மரக் காட்டுக்குள் ஏறக்குறைய ஒரு மைல் நீளப் பலகைப் பாதை. நடுவில் பள்ளம் ஆழம் என்பதால் அங்கே மரங்கள் உயரம், ஓரத்தில் குட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் காடே கவிழ்த்த சட்டிபோலத் தெரியும். ஜூன் முதல் அக்டோபர் வரை பலகைக்கடியில் தண்ணீர் நிற்கும், கொசு பிடுங்கும், பிற்பகலில் இடிமழை வரும். குளிர்காலம் நடக்கச் சுகம், ஆனால் சைப்ரஸ் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். செத்த மரம் என்று நினைத்துவிடக் கூடாது.

வழியில் செமினோல்களின் 'சிக்கி' குடில்களைப் பார்க்கலாம். சைப்ரஸ் கால்கள், பனை இனத்து ஓலைக் கூரை, சுவர் கிடையாது. துரத்தும் படைக்கு முன்னால் சட்டென்று கட்டவும் விட்டுப்போகவும் தோதான வீடு. சமையல் குடிலில் கட்டைகளைச் சக்கரத்தின் ஆரக்கால்போல அடுக்கி, நடுவில் மட்டும் தீ மூட்டுவார்கள். எரிய எரியக் கட்டையை உள்ளே தள்ளினால் போதும், கோடரிக்கு வேலையில்லை.

உள்ளே ஒட்டுத்துணி உடைகளை அவசரப்படாமல் பாருங்கள். வண்ணப் பட்டைகளை நீளவாக்கில் தைத்து, குறுக்கே துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் சற்றே நகர்த்தி மறுபடி தைப்பது. தையலுக்கு விடும் ஓரம் துண்டுக்குத் துண்டு நூலளவு மாறினாலும் வரிசை முடிவதற்குள் கோலம் கோணிவிடும். கையால் சுற்றும் தையல் எந்திரம் வந்தபின் பரவிய கலை இது. 'பழங்காலக் கலை' என்று கட்டுரை எழுதியது சரியல்ல. இன்றைய வடிவம் வந்து நூறாண்டு சொச்சம்தான்.

இந்த உடையை எங்கே வாங்கினாலும் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் தையல் இல்லையென்றால் அது அச்சடித்தது.

— புளோரிடாவாழ் வாசகர்