தனிநாயகம் அடிகளும் தோட்டத்துப் பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் தமிழாராய்ச்சியாளர் தனிநாயகம் அடிகளார் பற்றிய கட்டுரையைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். ஆனால் கடைசிப் பத்தியில், "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இத்தகைய மொழியாராய்ச்சி எட்டாக்கனியே" என்று ஒரு வரி. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளான எங்களைத்தான் சொல்கிறது. கட்டுரையாளர் அனுதாபத்தோடுதான் எழுதியிருக்கிறார். அந்த அனுதாபம்தான் நெஞ்சைச் சுடுகிறது.

அடிகளாரின் வாழ்க்கை தாங்கள் அறியாததல்ல. 1913இல் யாழ்ப்பாணத்துக் கரம்பொனில் பிறந்து, 1938இல் உரோமாபுரியில் கத்தோலிக்கக் குருவானவர். அதுவரை தமிழிலக்கியத்தில் அவருக்கு ஆழ்ந்த பயிற்சி இல்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் பள்ளிக்கூடத்துக்குப் பணியாற்றப் போன பின்னரே, முப்பதை நெருங்கும் வயதில், ஒரு பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் கற்றார். அதன் பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1952இல் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' ஆங்கில ஆய்விதழ், 1964இல் டெல்லியில் உருவான உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் அம்மன்றத்தின் முதல் மாநாடு கோலாலம்பூரில் எல்லாம். மன்றமும் மாநாடும் கட்டுரையில் விரிவாக இருக்கின்றன. வடக்கன்குளத்துக்கு ஒரே ஒரு வரி. எங்கள் பாட்டன் பாட்டிமாரில் பலர் அந்தச் சீமையிலிருந்துதான் தோட்ட வேலைக்காகக் கண்டிச் சீமைக்கு, அதாவது இந்த மலையகத்துக்கு, வந்தார்கள். என் வகுப்புகளில் நான் ஆண்டுதோறும் சொல்லி வந்தது அந்த வடக்கன்குளத்துக் கதையைத்தான்.

என் தாயார் கொழுந்து பறித்தவர். நான் படித்த தோட்டப் பாடசாலையில் ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியர். உயர்தரத்தில் தமிழ் எடுக்க விரும்பி நகரத்துப் பாடசாலை ஒன்றுக்குப் போனபோது, "உனக்கெதற்கு இலக்கணம்? எழுதப் படிக்கத் தெரிந்தால் கணக்கப்பிள்ளை ஆகலாமே" என்றார் அங்கிருந்த ஒருவர். அவரும் அனுதாபத்தோடுதான் சொன்னார். நான் படித்தேன், கற்பித்தேன். என்னிடம் நன்னூல் பயின்ற பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள். யாருக்கு எட்டவில்லை?

ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் ரயில் பேராதனைச் சந்தியைத் தாண்டித்தான் போகிறது. பேராசிரியர்கள் கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் கைலாசபதியும் தமிழ் கற்பித்த பேராதனைப் பல்கலைக்கழகம் எங்கள் மகாவலிக் கரையில் இருக்கிறது. ஆனால் பத்திரிகைகளில் மலையகம் என்றால் நாட்சம்பளம், மண்சரிவு, தேர்தல். 1948இல் எங்கள் குடியுரிமையைச் சட்டம் பறித்தது. எங்கள் அறிவை நீங்களாவது விட்டுவைக்கக் கூடாதா? எங்கள் வாசிகசாலையில் தமிழ்ப் புத்தக அலுமாரி பூட்டியே கிடப்பதைப் பற்றி முன்பு தங்களுக்கு எழுதினேன். அக்கடிதம் வெளிவரவில்லை. இடமில்லாமல் போயிருக்கலாம்; அந்த 'எட்டாக்கனி' வரிக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966இல் மறுபதிப்பாக உலகுக்குத் தந்தவர் அடிகளார். ஒற்றைப் பிரதியில் முடங்கியிருந்த நூலையே எல்லோர் கைக்கும் எட்ட வைத்தவரைப் பற்றி எழுதும்போது, எட்டாக்கனி என்ற சொல் எப்படி வந்தது?

மலையகப் பாடசாலைகள் பலவற்றில் தங்கள் இதழின் இத்தகைய கட்டுரைகளை வெட்டி அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறார்கள். இந்தக் கட்டுரையையும் ஒட்டுவார்கள். ஆகவே அடுத்த ஞாயிறு மாணவர் பக்கத்தில், அடிகளார் வடக்கன்குளத்தில் தமிழ் கற்ற ஆண்டுகளைப் பற்றி அரைப்பக்கமாவது வெளியிடுங்கள். அதன் கீழே அந்த 'எட்டாக்கனி' வரியை மீளப் பெறுவதாக ஒரு குறிப்பும் இடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தலவாக்கலை.