தீவுத்திடலுக்கு எங்கள் ஊர்த் தெருவிலிருந்து

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும், சென்னைத் தெருவில் கார் பந்தயம் நடத்த அனுமதி தரும் எல்லாத் துறைகளுக்கும் வணக்கம்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கத்தில் ஒரு கிராமத்து மாடு விடும் விழாக் குழுவில் இருக்கிறேன். எங்கள் விழா மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி இல்லை, மாட்டை யாரும் பிடிப்பதில்லை. இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை தெருவில் எத்தனை நொடியில் ஓடியது என்பதுதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் நாங்களும் தெருப்பந்தயக்காரர்கள்தான்.

எங்களிடம் நீங்கள் என்னென்ன கேட்கிறீர்கள் என்று தெரியும் அல்லவா? அரசிதழில் ஊர்ப் பெயர் வர வேண்டும். காப்பீடு, ஆம்புலன்ஸ், ஒவ்வொரு மாட்டுக்கும் கால்நடை மருத்துவர் பரிசோதனை, ஓடுபாதையின் இருபுறமும் இரட்டைத் தடுப்பு. ஒரு வருடம் விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பார்வையிட வந்த அதிகாரி பேசவே இல்லை, ஒவ்வொரு சவுக்குக் கட்டையாகக் கையால் பிடித்து ஆட்டிக்கொண்டே போனார். தண்ணீர்த் தொட்டி அருகே இருந்த கட்டை ஆடியது. அந்த வரிசை முழுவதையும் பிடுங்கி நடச் சொன்னார். ராத்திரி பத்து மணிக்கு செல்போன் வெளிச்சத்தில் குழி தோண்டினோம். தோண்டத் தோண்ட அவரைத் திட்டினோம். மறுநாள் அதே இடத்தில்தான் ஒரு காளை தடுப்பில் போய் மோதியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் பந்தயத்தைப் பார்க்கிறேன். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பாதை. 2023 டிசம்பரில் முதலில் தேதி வைத்தீர்கள், மிக்ஜாம் புயல் வந்து ஊரே தண்ணீரில் நின்றது, தள்ளிப்போனது. புயல் உங்கள் தப்பில்லை. ஆனால் டிசம்பரில் சென்னையில் மழை வரலாம் என்று சொல்ல வானிலை ஆய்வு மையம் வேண்டுமா? கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 என்று நடந்தது. ஆகஸ்ட் 31 நண்பகலுக்குள் எஃப்ஐஏ எனும் சர்வதேசக் கார் பந்தய அமைப்பின் பாதுகாப்புச் சான்று வாங்கியாக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. மழையால் வேலை முடியவில்லை, கெடுவை நீட்டிக்க நீங்கள் நீதிமன்றத்திடம் போனீர்கள். அந்த வார இறுதியில் ஓடுபாதைக்குள் ஒரு நாயும் புகுந்தது. சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் சந்துக்குச் சந்து மூங்கில் கட்டுவது மாட்டுக்காக மட்டுமல்ல, நாய்க்காகவும்தான்.

தடுப்பு வைத்த பிறகுதான் பாதையைச் சோதிக்க முடியும், அது எனக்கும் புரிகிறது. எங்களுக்கும் அதே நிலைதான். அதனால்தான் முந்தின நாளே முடிக்க வைக்கிறீர்கள். அந்த விதியை உங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: சான்று பந்தயத்துக்கு முந்தின நாளே கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாயிலைத் திறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி பொது இடத்தில் வேகப் பந்தயம் நடத்த மாநில அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். அதைக் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களே ஏற்பாட்டிலும் இருக்கும்போது கட்டையை ஆட்டிப் பார்ப்பது யார்?

பந்தயம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் அக்கா மகன் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறான். 1990லிருந்து சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தய ஓடுதளம் இருக்கிறதே, அங்கே நடத்தலாமே என்று கேட்டேன். "தெருவில் ஓடினால்தான் மாமா கெத்து" என்றான். தெருவில் மாடு விடுகிற நான் அதற்கு என்ன சொல்வது?

அப்புறம் ஒரு விஷயம். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் முடியாத கேஸ்களில் சில, தீவுத்திடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனைக்குத்தான் போகின்றன. வேலூரிலிருந்து வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் சென்னைக்குள் எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று யார் சொல்வார்கள்? அடுத்த முறை சாலை மூடும் நேரம், மாற்றுப் பாதை, மருத்துவமனைக்குப் போகும் வழி, கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பதவி, இவ்வளவையும் ஒரே தாளில், தமிழில், ஒரு மாதத்துக்கு முன்பே வெளியிடுங்கள். சென்னையில் மட்டும் ஒட்டினால் போதாது. அடுக்கம்பாறைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் நாங்களே ஒட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
மாடு விடும் விழாக் குழு உறுப்பினர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.