ஏலம் முடிந்தால் கணக்கையும் முடித்துக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வெளிவரும் வங்கி ஏல அறிவிப்புகளில் நம் டெல்டா மாவட்டங்களின் வீடுகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. வீட்டை இழந்த குடும்பத்தின் கடன் கணக்கு அதன் பிறகு என்ன ஆகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை என்ற வருத்தத்தில் இதை எழுதுகிறேன்.

அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வங்கிகளுக்கு வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி விளைநிலத்தை வங்கி ஏலம் விட முடியாது. அடமானம் வைத்த வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தவணை 90 நாட்களுக்கு மேல் நின்று, கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டால், 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வழக்குத் தொடராமலேயே அதைக் கையகப்படுத்தி விற்றுவிடலாம். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னந்தோப்பு சாய்ந்து, புதிதாக வைத்த கன்றுகள் காய்ப்புக்கு வருமுன் தவணை தவறி, பட்டுக்கோட்டையில் இப்படி வீட்டை இழந்தவர்களில் என் பக்கத்துத் தெருக்காரரும் ஒருவர்.

தேங்காய் ஏற்றச் சரக்கு வேன் வாங்கலாம் என்று அண்மையில் கடன் கேட்டுப் போனவரை, சிபில் எனப்படும் கடன் மதிப்பெண் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய கடன் அறிக்கையை நானும் பார்த்தேன். ஏலத்தில் வீட்டை எடுத்தவர் குடிவந்து, மேலே மாடியும் எழுப்பிவிட்டார். அறிக்கையிலோ பழைய பாக்கி ஒரு ரூபாய்கூடக் குறையாமல் நிற்கிறது, மாதவாரிக் கட்டங்களில் தாமத நாட்கள் ஏறிக்கொண்டே போகின்றன. ஏலத்தொகை எந்தத் தேதியில், எவ்வளவு வரவு வைக்கப்பட்டது என்று அவருக்கு எழுத்தில் எதுவும் வரவில்லை.

வீடு போனதோடு கடனும் போய்விட்டது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கடனும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது உரிமையாளருக்குச் சேர வேண்டும். பற்றாக்குறை இருந்தால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வங்கிக்கு உரிமை உண்டு. ஆகவே கணக்கு விவரத்தை எழுதிக் கேட்டு வாங்குவதே முதல் வேலை. பாக்கியைத் தள்ளுபடியோடு முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்றே பதிவாகும், அடுத்துக் கடன் தருபவர் அதைத் தயக்கத்தோடுதான் பார்ப்பார். இயன்றவர்கள் முழுவதும் கட்டி, பாக்கியில்லாச் சான்று பெறுவதே நல்லது.

நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறான பதிவைத் திருத்தக் கோரினால் 30 நாட்களுக்குள் தீர்வு காண வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இதை அறியாத மக்களிடம், சிபிலை அழித்துத் தருகிறோம் என்று இடைத்தரகர்கள் ஆயிரக்கணக்கில் கறந்துவிடுவது வேதனை. உண்மையான பதிவை எவராலும் அழிக்க முடியாது. குறைந்தது 7 ஆண்டுகள் அது பேணப்படும். சிறிய நகைக்கடனையோ, வைப்புத்தொகையின் பேரில் பெற்ற கிரெடிட் கார்டையோ நாள் தவறாமல் கட்டிவந்தால், விழுந்த மதிப்பெண் மெல்ல ஏறும். அதுவரை கந்துவட்டிக்காரரிடம் போய் விழாமல் இருப்பதுதான் கடினம்.

ஏலம் முடிந்ததும் வரவு, செலவு, மீதி ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கடன்தாரருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பவும், கடன் தகவல் நிறுவனங்களில் உடனே திருத்தம் செய்யவும் வங்கிகள் முன்வர வேண்டும். மாவட்டந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் இதற்கெனத் தனி மேசை போட்டு, அறிக்கையை எடுத்துக் கொடுத்து, திருத்த மனுவையும் எழுதித்தர மாவட்ட ஆட்சியர்கள் ஆவன செய்யுமாறு தங்கள் இதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பட்டுக்கோட்டை