பிழை கயிற்றில் இல்லை, மச்சான்

அன்பின் மச்சான்,

நீ அனுப்பின மூன்று படங்களும் கிடைத்தன. போன கிழமையே பதில் எழுதியிருக்க வேண்டும், மழைக்குப் பின்வளவு மதில் சரிந்து, அதைக் கட்டுவித்து முடிக்கும்வரை ஒன்றுக்கும் கை ஒழியவில்லை. முழங்கால் பழையபடிதான். குந்தியிருக்க வேண்டாம், மேசையில் இருந்து செய்கிற வேலை என்றால் பரவாயில்லை என்று டொக்டர் சொன்னார். அதை நான் சின்ன மாதிரிக் கப்பல் கட்டச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அது இருக்கட்டும்.

நீ கட்டுகிற புளூநோஸ் மாதிரிக் கப்பல் வடிவாக வந்திருக்கிறது. பலகை ஒட்டின விதமும் தேய்த்து மினுக்கின விதமும் பார்த்தால், இது பள்ளிக்கூடத்தில் மரவேலைப் பாடத்துக்கு ஒளித்துத் திரிந்தவன் செய்த வேலை என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கயிறுகள், ஷ்ரவுட் என்கிறார்களே, நான் பக்கக்கயிறு என்றே எழுதுகிறேன், அவை தொய்ந்துபோய் நிற்கின்றன. ஒன்றை இறுக்கினால் மற்றது தளர்கிறது, அவற்றின் கீழ் முனையில் இறுக்குவதற்கு இருக்கிற வட்டக் கட்டைகளும் ஒன்று மேலே ஒன்று கீழே என்று பல்லுப்போன வாய் மாதிரி இருக்கின்றன. நூல் சரியில்லை, வேறு நூல் வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வாங்காதே. உன் நூலில் ஒரு குறையும் இல்லை.

சின்னனில் நாங்கள் பட்டம் கட்டினது ஞாபகம் இருக்கா? தைப்பொங்கலுக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே தொடங்கிவிடுவோம். ஏற்றின உடனே பட்டம் தலைகீழாகக் குத்தினால் நூலையா பேசினோம்? இறக்கி, பட்டத்தில் நூல் பூட்டுகிற முச்சையை அவிழ்த்து, ஒரு விரல் மேலே ஏற்றிக் கட்டிப் பார்ப்போம். கப்பலும் அதே கதைதான். பிழை கயிற்றிலே தெரியும், ஆனால் கயிற்றைக் கொளுவின இடத்தில்தான் இருக்கும்.

உன் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். கப்பலின் வெளிப்பக்கத்தில் கட்டைகளைப் பிடித்து வைத்திருக்கிற உலோகப் பட்டிகள் இருக்கின்றன அல்லவா, அவை எல்லாவற்றையும் நீ வேலிக் கதியால் மாதிரி நேர் செங்குத்தாக அறைந்திருக்கிறாய். அது பார்வைக்குச் சீராக இருக்கும், இழுவைக்கு உதவாது. பாய்மரத்தின் மேலே இருந்து வருகிற கயிறு சரிந்து பின்பக்கமாக இறங்குகிறது. பட்டியும் அதே சரிவில், அந்தக் கயிற்றின் தொடர்ச்சியாகக் கிடக்க வேண்டும். முன்னுக்கு இருக்கிற பட்டி கொஞ்சம் சரியும், பின்னுக்குப் போகப்போக ஒவ்வொன்றும் மற்றதைவிடக் கூடச் சரியும். நீ செங்குத்தாக அடித்ததால் கயிறு கட்டையில் வந்து முறிகிறது. இறுக்கும்போது அந்த முறிவு நிமிரப் பார்க்கிறது, பட்டி அசைகிறது, கயிறு தொய்கிறது. நீ எவ்வளவு இறுக்கினாலும் இதுதான் நடக்கும்.

பட்டி அறைவதற்கு முதல் பாய்மரத்தை ஒட்டாமல் சும்மா குத்தி நிறுத்து. பக்கக்கயிறு தொடங்குகிற இடத்தில் ஒரு தையல் நூலைக் கட்டி, அதன் மற்ற நுனியைக் கட்டை வரப்போகிற இடத்துக்கு மேலாக இழுத்துக் கப்பலின் பக்கத்தில் பிடி. நூல் போகிற வழியே பென்சிலால் ஒரு கோடு. பட்டியின் கீழ் ஆணி அந்தக் கோட்டில்தான் இறங்க வேண்டும். ஒவ்வொரு பட்டிக்கும் தனித்தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும், ஒன்றைப் பார்த்து மற்றதைக் கீறக்கூடாது. இடப்பக்கத்தை அளந்து வலப்பக்கத்துக்கு மாற்றுகிறேன் என்று வெளிக்கிடவும் கூடாது. பாய்மரம் ஒரு மயிரிழை சரிந்திருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே கணக்கு வராது.

உனக்கு ஒட்டியே முடிந்துவிட்டது, தெரியும். முழுவதையும் பிடுங்க வேண்டியதில்லை. மேல் முனையை விட்டுவிட்டுக் கீழ் ஆணியை மட்டும் கழற்று. சூப்பர் குளூ போட்டிருந்தால், நகப்பூச்சு அழிக்கிற அசற்றோனை ஊசி நுனியில் தொட்டு ஒரு துளி வை, கொஞ்சம் பொறு, இளகும். பக்கத்தில் பட்டால் பெயின்ட்டும் கழன்றுவிடும், அதனால் ஊசி நுனிதான், பஞ்சு வேண்டாம். பழைய துளைக்குள் பல்லுக்குத்தியின் துண்டை ஒட்டி வெட்டிவிட்டு, கோட்டில் புதுத் துளை போடு.

இதையெல்லாம் பெரிய வித்துவான் மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்காதே. நான் கட்டுகிற அன்னபூரணிக் கப்பலுக்கு முதல் தடவை நான் அடித்த பட்டிகளும் செங்குத்துத்தான். அதோடு வேறு ஒரு விசர்வேலையும் பார்த்தேன். நீ பெட்டியில் வந்த கட்டைகளைப் போட்டாய், எனக்குப் பெட்டி ஏது? டெட் ஐ என்கிற அந்த மூன்று துளைக் கட்டைகளை நானே செய்தேன். வளவில் வெட்டின எலுமிச்சங்கொப்பு ஒன்று நன்றாகக் காய்ந்து கிடந்தது. இறுகின மரம், நார் தெரியாது. அதை ஐந்து மில்லிமீற்றர் தடிப்பில் உருண்டையாகச் சீவி, கரட் வெட்டுவது மாதிரி வில்லை வில்லையாக அறுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று துளை போட்டு, நாற்பது கட்டையை ஒரு சோடாமூடிக்குள் போட்டு வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மேல்கட்டையையும் கீழ்க்கட்டையையும் கோர்க்கிற கோர்வைக் கயிற்றை இழுத்து இறுக்கத் தொடங்கினதும் டிக் என்று ஒரு சத்தம், இரண்டு துளைகளுக்கு நடுவே வெடித்தது. அடுத்ததும் டிக். பதினொரு கட்டை போன பிறகுதான் மண்டைக்குள் ஏறியது: நான் தடியைக் குறுக்கே அறுத்ததால் மரத்தின் நார் எல்லாம் கட்டையின் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நிற்கிறது. இழுவை வந்தால் நாருக்கு நார் பிரியாமல் என்ன செய்யும்? விறகு கொத்துகிறவனுக்குத் தெரிந்த விஷயம். திரும்பவும் அதே மரத்தை மெல்லிய பலகையாக நீளப்பாட்டுக்குக் கிழித்து, பலகையின் முகத்தில் துளை போட்ட பிறகு வட்டமாக வெட்டி எடுத்தேன். அதற்குப் பிறகு ஒன்றுகூட வெடிக்கவில்லை.

துளை போட நல்ல சின்ன ஊசி கிடைக்கவில்லை. தையல் ஊசியின் காதை நடுவில் உடைத்தால் கவர் மாதிரி இரண்டு முனை வரும், அதைக் கைத்துறப்பணத்தில் பூட்டிச் சுழற்றினால் மரத்துக்குப் போதும். அவசரப்பட்டால் ஊசி முறியும், ஆறுதலாகச் சுற்று.

மேல் கட்டைகள் ஒரே மட்டத்தில் வரவேண்டும் என்று கேட்டிருந்தாய். கண்ணால் பார்த்துக் கட்டினால் ஒரு நாளும் வராது. செம்புக் கம்பியை ப வடிவில் மடக்கி, இரண்டு காலின் நுனியையும் சற்று உள்ளே வளை. ஒரு நுனி கீழ்க்கட்டையின் துளைக்குள், மற்ற நுனி மேல்கட்டையின் துளைக்குள். கம்பி இடைவெளியைப் பிடித்து வைத்திருக்கும், நீ அதற்கேற்ற மாதிரிக் கயிற்றைக் கட்டையைச் சுற்றி வளைத்துக் கட்டலாம். இடைவெளி கட்டையின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு வைத்தேன், பார்வைக்குச் சரியாக இருக்கிறது. ஒரே கம்பியை எல்லாவற்றுக்கும் பாவி. இரண்டு செய்தால் இரண்டு அளவு வரும்.

இறுக்குகிற ஒழுங்கும் முக்கியம். வலப்பக்கம் முழுவதையும் கட்டி முடித்துவிட்டு இடப்பக்கம் போனால் பாய்மரம் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும், பிறகு தலைகீழாக நின்றாலும் நிமிராது. வலப்பக்கம் முன் சோடி, உடனே இடப்பக்கம் முன் சோடி, பிறகு அடுத்தது, இப்படி மாறி மாறி. முன்னுக்கு இழுக்கிற பெரிய கயிற்றையும் தற்காலிகமாகக் கட்டி வைத்துக்கொள். இல்லாவிட்டால் கடைசியில் அதை இறுக்கும்போது பாய்மரம் அணியப்பக்கம் போய், நீ இறுக்கின பக்கக்கயிறுகள் எல்லாம் பழையபடி குழம்பிவிடும். கோர்வைக் கயிற்றின் நுனிகளை எல்லாம் முடியும்வரை முடிச்சுப்போட்டு ஒட்டாதே, ஒரு சுற்றுச் சுற்றித் தொங்கவிடு. எனக்கு மூன்று நாள் தொங்கினது. பல்லி ஒன்று அதில் ஏறி விளையாடினது.

நூல் என்றதும் சொல்ல வந்தது, நான் முதலில் தங்கூசியில், மீன்பிடிக்கிற நைலோன் நூலில், முயன்றேன். கடற்கரையில் பிறந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? முடிச்சு வழுக்குகிறது, இழுத்தால் நீள்கிறது, வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. பருத்தி நூலும் போட்டுப் பார்த்தேன். மாரியில் ஈரம் ஏறி, பட்டத்தில் விண் கட்டின நூல் மாதிரி விறைத்தது, சோளகம் வீசத் தொடங்கத் தொய்ந்தது. இப்போது பொலியெஸ்ரர் தையல் நூல் மூன்று புரியைத் துறப்பணத்தில் பூட்டி முறுக்கித் திரிக்கிறேன், அப்பாச்சி தும்பில் கயிறு திரிக்கிறதை முற்றத்தில் இருந்து பார்த்த படிப்புத்தான். பிறகு தேன்மெழுகில் ஒரு இழுவை. பிசிர் அடங்கிவிடும். முடிச்சுக்கு சூப்பர் குளூ வேண்டாம், காய்ந்ததும் வெள்ளை பூத்து, நூல் ஈர்க்கு மாதிரி ஆகிவிடுகிறது. பைண்டர் கம்மைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டால் காணும். பிழைத்தால் ஈரம் காட்டி அவிழ்க்கவும் ஏலும்.

பட்டிகளைக் கறுப்பாக்கின கதையை வீட்டுக்காரி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், ஆகையால் உனக்கும் சொல்கிறேன். வயரில் இருந்து உரித்த செம்புக் கம்பியைத் தட்டித் தட்டையாக்கிப் பட்டி செய்தேன். செம்பின் நிறம் கப்பலுக்குப் பொருந்தாது. இரண்டு முட்டையை நன்றாக அவித்து, நசித்து, இறுக்கமாக மூடுகிற சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு, பட்டிகளை ஒரு மூடியில் முட்டையில் படாமல் வைத்து, இரவு முழுக்க விட்டேன். முட்டையில் இருந்து வருகிற கந்தக ஆவி செம்பைக் கறுப்பாக்கிவிடும். விடிய எடுத்தால் பட்டிகள் பழைய இரும்பு மாதிரி அச்சாவாக இருந்தன. பெட்டியை மட்டும் இன்னும் குசினிக்குள் விடுகிறாள் இல்லை. உன் பெட்டியில் வந்தது பித்தளை என்றால் முட்டைக்கு அவ்வளவாக மசியாது, நீ மங்கின கறுப்புப் பெயின்ட்டையே பூசு.

கப்பிகளைப் பற்றி ஒன்று. பருமலில், அதுதான் பாய் கட்டுகிற தடியில், தொங்கவேண்டிய கப்பி எல்லாவற்றையும் பருமலை ஏற்றுவதற்கு முதல், மேசையில் வைத்தே கட்டிவிடு. நான் இரண்டை மறந்துபோய், பிறகு சாமணத்தைக் கயிறுகளுக்கு இடையே விட்டுக் கட்டின பாடு, கிணற்றுக்குள் விழுந்த வாளியைப் பாதாளக் கொளுக்கியால் தேடின மாதிரி. பக்கக்கயிறுகளுக்குக் குறுக்கே கட்டுகிற ஏணிப்படிக் கயிறு பெரிய வேலை இல்லை, பொறுமைதான். பின்னால் கோடு போட்ட மட்டையை வைத்துக் கட்டு, இழுத்துக் கட்டிப் பக்கக்கயிறுகளின் இடுப்பு ஒடுங்க விடாதே.

இன்னொரு விஷயம், நீ யோசித்திருக்க மாட்டாய். உன் புளூநோஸ் 1921இல் நோவா ஸ்கோஷியாவில் இறக்கின கப்பல், உங்கள் கனடாப் பத்துச் சதக் காசில் நிற்கிறது. என்னுடையது எங்கள் கரையில் கட்டின 89 அடிக் கப்பல். அமெரிக்கர் வில்லியம் ரொபின்சன் அதை வாங்கினார்; வல்வெட்டித்துறையார் ஐந்து பேரோடு அது அத்லாந்திக்கைத் தாண்டி 1938 ஓகஸ்ட்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதன் பெயர் புளோரன்ஸ் சி. ரொபின்சன். அதே ஆண்டு ஒக்ரோபரில்தான் உன் கப்பல் குளொஸ்ரரின் தெபோ என்ற கப்பலோடு கடைசிப் பந்தயம் ஓடி வென்றது, அதே கரையோரத்தில். இரண்டு மாத இடைவெளி! எங்கள் கப்பலோட்டிகளான தண்டயல்மார் கட்டின கயிறும் நோவா ஸ்கோஷியாக்காரர் கட்டின கயிறும் ஒரே ஆண்டில் ஒரே காற்றில் நின்றிருக்கின்றன. நாற்பத்தெட்டில் ஒன்று என்ற அளவில் என்னுடையது ஐம்பத்தாறரைச் சென்ரிமீற்றர் வருகிறது, உன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் மனதில் வைத்துப் பார்.

இங்கே ரேவடிக் கடற்கரைப் பக்கம் போன மாதம் நடந்துபோனேன். முன்னர் கப்பல் கட்டின இடத்தில் இப்போது கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பெடியன் ஒருவனிடம் பருமல் என்றால் என்ன என்று கேட்டேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு அவன்தான் முடிச்சு ஒன்று காட்டித் தந்தான், வலைக்குப் போடுகிற முடிச்சு, கட்டையைச் சுற்றிக் கட்ட நான் பழகினதைவிட அது நன்றாகப் பிடிக்கிறது. அடுத்த கடிதத்தில் படம் கீறி அனுப்புகிறேன், எழுத்தில் விளங்காது.

நல்லூர்த் திருவிழாவுக்கு அங்கிருந்து யாராவது வருவார்கள்தானே. 0.6 மில்லிமீற்றர் துளை ஊசி ஐந்தாறு கொடுத்துவிடு, தையல் ஊசி உடைத்து உடைத்து வீட்டில் ஊசியே இல்லை. அதோடு ஒரு பத்துச் சதக் காசும். கீழ் ஆணியைக் கழற்றினதும் படம் அனுப்பு, பார்க்காமல் திரும்ப ஒட்டிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குக் கூட்டாளி